நானூற்றைம்பதில் ஓடும் நட்சத்திரம்

செக்காலை, காரைக்குடி
9-11-99

அன்புள்ள வின்சிக்கு உன் மதினி எழுதுவது.

நேற்று எஸ்.டி.டி. பூத்தில் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. மீட்டர் ஓட ஓடப் பேசினால் உனக்கு அவசரம் வருகிறது, எனக்கு ஆத்திரம் வருகிறது. இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் யாரும் யார் பேச்சையும் வெட்ட முடியாது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதுக்கு மதினி ஒங்களுக்கு இந்த வம்பு? பேசாம முந்நூறுக்கே எறக்கிருங்க." இறக்கச் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. 'ஒங்களுக்கு எதுக்கு' என்றாய் பார், அதுதான் சுருக்கென்று தைத்தது. நானும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததால் படித்ததெல்லாம் கரைந்து போய்விடவில்லை.

மே மாதம் நீ லீவுக்கு வந்தபோது என் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தோம். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற செலரான் பிராசஸரை நானூற்றைம்பதில் ஓட வைத்தோம். கேட்டவள் நான், செய்தவள் நீ. அக்னி நட்சத்திர வெயிலில் அது ஒரு நாள்கூட முனகவில்லை. கல்யாண கேசட்டுக்கு டைட்டில் செய்கிற எனக்கு, ஒன்றரை நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. அந்த ருசியைக் காட்டிவிட்டு இப்போது இறக்கு என்றால் எப்படி?

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளிலிருந்துதான் கோளாறு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கிற ரெண்டர் வேலை ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. சில நேரம் நீலத்திரை வரும். நிற்காமல் முடிந்த படத்திலும் குற்றம் இருக்கிறது. நேற்று மாதா முகத்தில் பச்சைப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல.

என்ன வேலை என்று உனக்குத் தெரியுமா தெரியாதா, எழுதிவிடுகிறேன். கேபிள் டிவி வேல்பாண்டி அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஒரு அனிமேஷன் கேட்டிருக்கிறார். நட்சத்திரம் கிழக்கே உதித்து, கோட்டையூர் கண்மாய்க்கு மேலே நகர்ந்து, நம் கோயில் கோபுரத்துக்கு நேரே வந்து நிற்கும். கீழே குடில் தெரியும். நாற்பது வினாடிதான், ஆனால் ஆயிரம் படம். நானூற்றைம்பதில் ஓடினால் முகூர்த்த வேலை போக மிச்ச நேரத்தில் முடித்துவிடுவேன். முந்நூறில் ஓடினால் நட்சத்திரம் பொங்கலுக்குத்தான் வந்து சேரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டர் டீச்சர் வேலை காலி. அத்தை அதை எனக்காகப் பேசி வைத்திருக்கிறார்கள். கடையை மூடிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நான் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்: "கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் டிவியில ஓடுச்சுன்னா கடைய நடத்துவேன். ஓடலைன்னா மறுபேச்சுப் பேசாம பள்ளிக்கூடத்துக்குப் போறேன்." வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லியாயிற்று.

ஆகவே நீ என்ன செய்ய வேண்டும் என்று எழுதாதே. கோளாறு எங்கே என்று எப்படித் தேடுவது, அதை எழுது.

உன் மதினி,
சகாயராணி


பெங்களூர்
14-11-99

அன்புள்ள மதினி,

'எதுக்கு' என்ற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். காலைப் பிடிக்க வேண்டுமென்றால் கிறிஸ்துமஸுக்கு வந்து பிடிக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம், அவ்வளவுதான். வேகத்தை ஏற்றிவிட்டு நான் இங்கே வந்துவிட்டேன். அங்கே பிராசஸர் சில்லு கருகினால் அண்ணன் என்னைத் திட்ட மாட்டான், உங்களைத்தான் திட்டுவான். அதை நினைத்துத்தான் இறக்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்லவில்லை. மே மாதம், வேகத்தை மாற்றுகிற அந்த பயாஸ் திரையை முதல் தடவை பார்த்த அன்றைக்கே என்னிடமிருந்து கீபோர்டைப் பிடுங்கியவர் நீங்கள். அன்றைக்கே நான் மனசுக்குள் சலாம் போட்டாயிற்று.

இனி தேடுவதைப் பற்றி. எங்கள் வேலையில் ஒரே ஒரு கட்டளைதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் வீதிக் கரண்டைச் சந்தேகப்படுங்கள். நம் தெருவில் சாயங்காலம் ட்யூப் லைட் எரிய மறுக்கும் அழகு எனக்குத் தெரியும். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரம் ஒரு தடவை, ஒரே படத்தை ரெண்டர் செய்து பாருங்கள். சாயங்காலம் மட்டும் நின்றால் ஸ்டெபிலைசர் வாங்கினால் போதும். இரண்டு நேரமும் நின்றால், வேல்பாண்டி அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து ரேம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் பிராசஸருக்குள் போகிற வோல்டேஜ். அது வீதிக் கரண்ட் இல்லை, மதர்போர்டு அளந்து ஊற்றுவது. பயாஸில் இப்போது 2.0 என்று இருக்கும். அதிக வேகத்தில் ஓடுகிற சில்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பசிக்கும். சாப்பாடு பற்றாவிட்டால் இப்படித்தான் பாதி வேலையில் படுத்துக்கொள்ளும், தப்புக் கணக்குப் போட்டுப் பச்சைப் புள்ளி வைக்கும். 2.05 வைத்து ஓட்டுங்கள். நிற்கிறதா? 2.1 வையுங்கள். அதற்கு மேல் என்னைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். சில்லின் சூட்டை இழுக்கிற தகட்டுக் கட்டை, அந்த ஹீட்சிங்க், அதன் மேல் இருக்கிற ஃபேன் சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. எங்கள் ஆபீஸில் இப்படி நின்றால் மறுநாள் புதுப் பெட்டி வந்துவிடும். யாரும் ஏன் நின்றது என்று கேட்பதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். அதற்காகவே உங்களுக்கு எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதலாம்.

வின்சி


செக்காலை
20-11-99

அன்புள்ள வின்சி,

நீ சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். நடுவில் இரண்டு கல்யாணத்துக்கு டைட்டில் வேலை வேறு. பொறுமையாகப் படி.

வீதிக் கரண்ட் குற்றவாளி இல்லை. காலையிலும் நின்றது, சாயங்காலமும் நின்றது. கடை வீட்டுக்காரர் மீனாள் ஆச்சி தன் ஃபிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரை அரை நாள் கடன் கொடுத்தார்கள். அதில் போட்டும் நின்றது. ரேமும் குற்றவாளி இல்லை. வேல்பாண்டி அண்ணன் ரேமைப் போட்டால் இங்கே நிற்கிறது, என் ரேமைப் போட்டு அவர் பெட்டி பாட்டுப் பாடுகிறது.

அடுத்து வோல்டேஜ். 2.05 வைத்தேன். சரியாகும் என்று பார்த்தால் முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. தற்செயலோ என்று மறுபடி ஓட்டினேன், அப்படியேதான். 2.1 வைத்தேன். இன்னும் சீக்கிரம். பழையபடி 2.0 வைத்தேன், பழைய நேரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போது தலையே சுற்றியது. பசிக்கிறவனுக்குச் சோறு போட்டால் தெம்பு வர வேண்டுமா, மயக்கம் வர வேண்டுமா?

பிறகு நானாக ஒன்று செய்தேன், கோபிக்காதே. நின்றவுடன் உடனே ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. அடுத்த தடவை பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து போட்டேன். வெகு நேரம் ஓடிய பிறகுதான் நின்றது. ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல ஹீட்சிங்கில் விரலை வைத்து எடுத்தேன். வைக்க முடியவில்லை.

ஒரு தடவை முந்நூறுக்கும் இறக்கிப் பார்த்தேன், உன் மனத் திருப்திக்காக. நிற்கவில்லை. ஆனால் அப்போதும் விரல் வைக்க முடியாத சூடுதான். ஆகவே வேகம் மட்டும் காரணமில்லை. இது பசி இல்லை வின்சி, காய்ச்சல். நீ வோல்டேஜ் ஏற்றச் சொன்னது காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி கொடுத்த கதை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மே மாத வெயிலில் வராத காய்ச்சல், அடைமழை பெய்கிற கார்த்திகையில் ஏன் வருகிறது? ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது. மே மாதம் நீ சொன்னபடி காற்றுப் போவதற்காகப் பெட்டியின் பக்கத்து மூடியும் அன்றிலிருந்து திறந்தேதான் கிடக்கிறது.

ஆயிரத்தில் நல்லபடியாக முடிந்தது நூற்றுச் சொச்சம். உன் அண்ணன் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகிறார். சொல்லாமல் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ராணி


பெங்களூர்
21-11-99

அன்புள்ள மதினி,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு கெட்ட செய்தி. கிறிஸ்துமஸ் லீவு ரத்து. இரண்டாயிரம் பிறக்கிற அன்று கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்து கிடக்கிறது இல்லையா, எங்கள் மேனேஜர் உலகத்துக்கும் சேர்த்துப் பயப்படுகிறார். ஜனவரி முதல் வாரம் முடியும்வரை யாரும் ஊருக்குப் போகக் கூடாதாம். அப்படியானால் உங்களுக்கு நேரில் வந்து உதவவும் முடியாது.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா எனக்குக் கடிதம் போட்டிருந்தார்கள், பள்ளிக்கூட வேலையைப் பற்றி. "நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்று. நான், மதினி போனால் நல்லதுதான், மாதச் சம்பளம், சனி ஞாயிறு லீவு, இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். அது உங்கள் நட்சத்திரக் கடிதம் வருவதற்கு முன்பு. இப்போது கேட்டால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்றும் தெரியவில்லை. நீங்கள் தோற்றுப்போய் அந்த வேலைக்குப் போவதைவிட, இப்போதே நீங்களாகப் போய்விட்டால் மனசு கஷ்டம் இருக்காது என்று தோன்றுகிறது.

2.1-லும் நின்றால் 2.2 வைத்துப் பாருங்கள். அதுதான் கடைசி.

வின்சி


செக்காலை
25-11-99

வின்சிக்கு,

21-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

என் மாமியாரிடம் என்னைப் பற்றி ஓட்டுப் போடுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தை நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒன் நாத்தனாரே எழுதிருக்கா பாரு" என்று காட்டினார்கள். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

தோற்றால்தானே கஷ்டம். இன்னும் தோற்கவில்லை.

2.2 வைக்க மாட்டேன். ஏன் என்று என் முந்தின கடிதத்தில் இருக்கிறது.

சகாயராணி


பெங்களூர்
25-11-99

அன்புள்ள மதினி,

இருபதாம் தேதிக் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன், இன்று ஆபீஸுக்குக் கொண்டுபோய் என் பக்கத்து மேஜை சத்தியமூர்த்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் சர்வர் பழுது பார்ப்பதில் புலி. முழுவதும் கேட்டுவிட்டு, "இவங்க எந்தக் கம்பெனி?" என்றார். செக்காலை ரோட்டில் சொந்தக் கம்பெனி என்றேன்.

மதினி, என்ன வேலை செய்திருக்கிறீர்கள். நான் வோல்டேஜ் என்றதும் நீங்கள் ஏற்றினீர்கள், சரி. யாரும் ஏற்றுவார்கள். ஏற்றியதும் மோசமானால், நான் உட்பட எல்லோரும் இன்னும் ஒரு படி ஏற்றித்தான் பார்ப்போம். நீங்கள் திரும்ப இறக்கி, பழைய நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்தீர்கள். அதைச் செய்ய யாரும் சொல்லித் தரவில்லை. சோறு ஆறுகிற நேரம் பெட்டியை ஆறவைத்து அளந்தீர்கள். முந்நூறில் நிற்காவிட்டாலும் சூடு இருக்கிறது என்று விடாமல் பிடித்தீர்கள். நான் முந்நூறில் நிற்கவில்லை என்றதும் அப்பாடா என்று போயிருப்பேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

இருபத்தொன்றாம் தேதிக் கடிதத்தில் 2.2 என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போடுங்கள். வோல்டேஜை ஏற்றினால் சூடும் ஏறும். காய்ச்சல்தான், நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு.

இனி ஒரே ஒரு இடம்தான் மிச்சம். ஃபேன் சுற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது தள்ளுகிற காற்று ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே போகிறதா என்பது தெரியாது, ஃபேன் மறைத்துக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தூசியாகத்தான் இருக்கும்.

உங்கள் வின்சி


செக்காலை
30-11-99

வின்சி,

உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் இதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது?

ஃபேனைக் கழற்றினேன். தூசி இல்லை. செவ்வந்திப் பூ.

தகடுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி விடாமல் காய்ந்த இதழ். அதன் மேல் சந்தனம் கட்டியாக இறுகிப்போய், நடு நடுவே குங்குமம். ஒரு துளி காற்று போக வழியில்லை. ஃபேன் பாட்டுக்கு மேலே ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் கடையில் ஏது சந்தனம்?

பிறகு நினைவு வந்தது. ஆயுத பூசைக்கு நான் கண்டரமாணிக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாவி மீனாள் ஆச்சியிடம் இருந்தது. திரும்பி வந்தபோது மானிட்டரில், பிரிண்டரில், கீபோர்டில்கூடப் பொட்டு இருந்தது. சிரித்துக்கொண்டே துடைத்தேன். ஆச்சி கட்டிடத்தில் இருக்கிற அச்சு மிஷின், ஜெராக்ஸ் மிஷின் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் வைப்பார்கள். உள்ளேயும் வைத்திருப்பார்கள் என்று நான் கனவா கண்டேன்? கோளாறு ஆரம்பித்ததும் அதே வாரம்தான்.

இதழ்களைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு மாடிக்குப் போய்க் கேட்டேன். "ஆச்சி, பூசையன்னைக்கு எங்க பெட்டிக்கு உள்ள பூ வச்சீகளா?"

"ஆமாத்தா. மூடி தெறந்து கெடந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா குட்டியா ஒரு காத்தாடி. இதுதான் இதுக்கு உசுரு போலன்னு நெனச்சேன். மத்ததுக்கெல்லாம் வெளிய வச்சுட்டு, உசுருக்கு வைக்காம வரலாமா? ஒரு முழம் பூவச் சுத்தி வச்சுட்டு, நல்லா சந்தனத்தக் கரைச்சுத் தெளிச்சேன்."

வின்சி, காற்றுக்காகத் திறந்து வை என்று நீ சொன்ன மூடி வழியாகத்தான் ஆச்சி கை உள்ளே போயிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஆச்சிக்கு எது உயிர் என்று சரியாகத் தெரிந்திருக்கிறது, அங்கேயே கொண்டுபோய்ப் பூவை அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நான் ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் இழுத்து, அத்தனையும் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். மறைக்க மனமில்லை. அவர்கள் முகம் ஒரு நிமிஷம் வாடிவிட்டது. பிறகு, "பூ வச்சா நிக்கிற மிஷின் எதுக்குத்தா, சோறு வச்சா பட்டினி கெடக்கிற புள்ள மாதிரி" என்றார்கள். அடுத்த வருஷம் வெளியே மட்டும் வைப்பதாகப் பேச்சு.

ஹீட்சிங்கைப் பழைய பல் பிரஷால் தேய்த்து, வெயிலில் உலர்த்தினேன். டிவி மெக்கானிக் இராமு சூட்டைக் கடத்துகிற வெள்ளைக் களிம்பு கொஞ்சம் கொடுத்தார், பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவினேன். வோல்டேஜ் 2.0, வேகம் நானூற்றைம்பது. நேற்று மத்தியானம் ஓடவிட்டேன். இந்த வரியை எழுதுகிறவரை நிற்கவில்லை. விரலை வைத்தால் வைத்தபடி இருக்கிறது.

பச்சைப் புள்ளி விழுந்த படங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ராணி


பெங்களூர்
5-12-99

அன்புள்ள மதினி,

உங்கள் இரண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்தன. கோபக் கடிதம் முதலில், செவ்வந்திக் கடிதம் பிறகு. முதலாவதைப் படித்துவிட்டு அழுதேன். இரண்டாவதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஹாஸ்டல் வார்டன் வந்து கதவைத் தட்டினார். சத்தியமூர்த்தி அந்த இதழில் ஒன்று வேண்டும் என்கிறார், சர்வர் ரூமில் கண்ணாடி போட்டு மாட்டுவாராம். 'பழுதுக்கான காரணம்: பக்தி' என்று எழுதி.

அம்மா விஷயத்தில் நான் செய்தது தப்பு. உங்களுக்கு நல்லது என்று நினைத்தேன், உங்களைக் கேட்கவில்லை. இங்கே என்னை யாராவது அப்படி நடத்தினால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். அம்மாவுக்கு இன்றே வேறு கடிதம் எழுதட்டுமா? மதினி செய்கிற வேலையை எனக்கே செய்யத் தெரியாது என்று எழுதுகிறேன். அது முகஸ்துதி இல்லை, நட்சத்திரத்தை நகர்த்தவும் எனக்குத் தெரியாது, இப்படி ஒரு கோளாறைத் துரத்திப் பிடிக்கிற பொறுமையும் எனக்கு இல்லை.

சொல்லுங்கள், உடனே எழுதுகிறேன்.

வின்சி


செக்காலை
16-12-99

வின்சி,

அத்தைக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கடிதத்தால் வந்த வினையை இன்னொரு கடிதத்தால் தீர்க்க வேண்டாம். நட்சத்திரம் ஓடட்டும், அல்லது ஓடாமல் போகட்டும். அத்தை அதைப் பார்த்து முடிவுக்கு வரட்டும்.

பெட்டி நிற்கவில்லை, ஆனால் ஊர் நின்றுவிட்டது. மழையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து செக்காலைக்கே கரண்ட் இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்னும் இருநூற்றுச் சொச்சம் படம் பாக்கி. முந்நூறில் ஓட்டியிருந்தால் இந்நேரம் கான்வென்ட் சிஸ்டரிடம் போய்ச் சரி என்று சொல்லியிருப்பேன். இந்த வேகத்தில் இன்னும் ஒரு மூச்சு இருக்கிறது. உன் அண்ணன் இரண்டு நாளாகக் கரண்ட் ஆபீஸுக்கு சைக்கிளில் போய் வருகிறார். நான் கேட்கவில்லை, அவராகப் போகிறார்.

இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

ராணி


செக்காலை
27-12-99

அன்புள்ள வின்சிக்கு,

இதோடு ஒரு கேசட் வருகிறது. முதலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கடிதத்தைப் படி. நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

பதினேழாம் தேதி மத்தியானம் கரண்ட் வந்தது. அதிலிருந்து பெட்டியை அணைக்கவே இல்லை. இருபத்திரண்டாம் தேதி கடைசிப் படம் முடிந்தது. ஒன்று விடாமல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பச்சைப் புள்ளி இல்லை. நட்சத்திரம் கண்மாய்க்கு மேலே போகும்போது தண்ணீரில் அதன் வெளிச்சமும் கூடவே போகும், அதைக் கவனி. அதற்காகத்தான் ஒவ்வொரு படமும் அவ்வளவு நேரம் தின்றது. முடிவில் என் பேரைப் போடக் கூச்சமாக இருந்ததால் கேபிள் பேரை மட்டும் போட்டேன்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு வேல்பாண்டி அண்ணன் ஓடவிட்டார். நம் வீட்டில் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி அக்கா, மீனாள் ஆச்சி, தெருவில் பாதிப் பேர். அத்தை முறுக்குச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை, அத்தை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அந்த முகத்தில் எதைப் படிக்க முடியும்?

நாற்பது வினாடி முடிந்தது. பொன்னுத்தாயி அக்கா அத்தையிடம், "ஏக்கா, இது நம்ம வின்சி செஞ்சு அனுப்புனதா? படிச்ச புள்ளன்னா சும்மாவா" என்றார்கள். இதை உனக்கு எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தை சட்டென்று திரும்பினார்கள். "வின்சி பெங்களூர்ல இருக்கா. இது எம் மருமக செஞ்சது. ஆயிரம் படம். ஒண்ணொண்ணா செஞ்சா, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். எப்போது பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணனைக் கேட்டால், தினமும் தான் கடைக்கு வந்து எட்டிப் பார்த்ததே அத்தை அனுப்பித்தான் என்கிறார். "எத்தன படம் முடிஞ்சிருக்குன்னு பாத்துட்டு வா" என்பார்களாம்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கான்வென்ட் சிஸ்டர் கோயில் வாசலில் நின்றார். ஜனவரிக்கு என்ன முடிவு என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"வேற ஆளப் பாத்துக்குங்க சிஸ்டர். இவளுக்கு வேல இருக்கு."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் கோயில் வாசலில் நின்று அழுதேன் வின்சி. சிஸ்டர் என்ன நினைத்தாரோ, தோளைத் தட்டிக் கொடுத்தார்.

உன் மதினி,
சகாயராணி